கடைசி பெஞ்சு வெளியே போன கதை

நான் சொல்வதை நம்பாதவர்கள் நேரே லொம்போராத் தீவுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே போகக் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. அது என் குற்றமில்லை.

எங்கள் சுனையூரிலிருந்து மூன்று பேர் அந்தத் தீவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகப் போனார்கள். அம்பலவாணன், கோமதிநாயகம், தேவசிகாமணி. ஆள் எடுக்க வந்தவர், "இங்கிலீஷ் தெரியுமா?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார். மூவரும் "யெஸ் சார்" என்றார்கள். அதற்கு மேல் கேட்க அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

கிளம்பும்போது அம்பலவாணனின் மாமனார் வழிமறித்தார். "மாப்ளே, ஒரு வருஷம் முடியறதுக்குள்ள உம்ம தலை இங்க தெரிஞ்சுது, வாத்தியாரு கீத்தியாருன்னு பாக்க மாட்டேன். என் தொழுவத்துல சாணி அள்ளணும், ஆயுசு பூரா." மாமனாருக்குப் பதினோரு எருமை. அம்பலவாணன் வழியெல்லாம் கண்ணீரோடுதான் போனார்.

அந்தத் தீவில் எல்லாருக்கும் தமிழ் தெரியும். அந்தக் காலத்தில் கரும்பு வெட்டப் போன நம்மாட்களின் பேரப்பிள்ளைகள். தலைமையாசிரியை பெயர் ரொசாலி முனியம்மா. பிள்ளைகள் மதாம் என்று கூப்பிடுவார்கள், தூரத்தில் நின்று.

பிள்ளைகளா அவை? முதல் நாள் கோமதிநாயகம் ஒன்றாம் வகுப்புக் கரும்பலகையில் ஓர் எழுத்து எழுதித் திரும்பினார். நாற்காலியில் ஓர் ஆடு உட்கார்ந்து சாக்பீஸைத் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி வீராயி செலின் என்ற பெண். "சார், அது புது அட்மிஷன்" என்றாள். மாங்கொட்டை பறந்தது. தேவசிகாமணியின் குடுமியில் யாரோ ரப்பர் பல்லியைக் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் வரை அவருக்குத் தெரியாது. தெரிந்தபிறகும் பல்லி விழுந்த பலன் பார்த்துவிட்டுத்தான் அவிழ்த்தார்.

மூவரும் மதாமிடம் போய் அழுதார்கள். மதாம் சொன்னாள்: "வகுப்பில் எவன் வாயைத் திறந்து சத்தம் போட்டாலும் உடனே வெளியே அனுப்பு. ஆள் யாரென்று பார்க்காதே. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். வகுப்பு அமைதியாக இல்லையென்றால் மூன்று பேரையும் அன்றைக்கே ஊருக்கு ஏற்றிவிடுவார்."

அம்பலவாணனின் மூக்கில் சாணி வாடை அடித்தது.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் அவர், "சைலன்ஸ்!" என்று கத்தினார். பிள்ளைகள் அதிர்ந்து போய் வாயை மூடினார்கள். கோமதிநாயகம் மெல்லக் காதோரம் வந்தார்.

"அண்ணாச்சி, சத்தம் போட்டது நீருல்லா?"

"ஆமா வே. நான்தான்."

"ஆள் யாருன்னு பாக்கக் கூடாதுன்னு மதாம் சொல்லியிருக்கு."

"நியாயந்தான்" என்று அம்பலவாணன் தலைகுனிந்து வெளியே போனார். "பாத்தீங்களா பிள்ளைகளா, சட்டம்னா சட்டம்!" என்று கோமதிநாயகம் முழங்கினார். முழங்கிய வாயோடு அவரும் வெளியே போனார். மிஞ்சிய தேவசிகாமணி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தன் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

மாமரத்தடியில் மூன்று வாத்தியார்கள் முட்டி போட்டிருப்பதைப் பார்த்து மதாம் தலையில் அடித்துக்கொண்டாள். "வாத்தியார் பேசலாம்! மற்றவர்தான் பேசக் கூடாது! அட, எல்லாக் குறும்பும் கடைசி பெஞ்சிலிருந்துதானே கிளம்புகிறது? அந்தக் கடைசி பெஞ்சைத் தூக்கி வெளியே போடுங்கள். தொல்லை விட்டது."

போட்டார்கள். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்த தேவசிகாமணி திடுக்கிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, கடைசி பெஞ்சு இங்கன இருக்கே!"

"இப்பத்தானவே மரத்தடியில போட்டோம்?"

"நமக்கு முந்தி உள்ள வந்துட்டுது. இந்த ஊர்ல பெஞ்சுக்குக்கூட அடக்கம் இல்ல."

அதையும் தூக்கினார்கள். மறுபடியும் ஒன்று கடைசியில் நின்றது. மத்தியானத்துக்குள் முதல் பெஞ்சு ஒன்றுதான் மிச்சம். அதன் முன்னே நின்று மூவரும் யோசித்தார்கள்.

"இது முதல் பெஞ்சு. நல்லாப் படிக்கிற பிள்ளைக உக்காருறது. தொடப்படாது" என்றார் கோமதிநாயகம்.

"சார், அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்றாள் வீராயி, ரொம்ப வருத்தமாக. "அப்போ கடைசியும் அதுதானே?"

பெரிய சிக்கல். கடைசியில் அம்பலவாணன் தீர்ப்புச் சொன்னார்: "பலகையை நீளவாக்குல ரெண்டா அறுப்போம். முன்பாதி முதல் பெஞ்சு, இருக்கட்டும். பின்பாதி கடைசி பெஞ்சு, வெளிய போகட்டும்."

ரம்பம் வந்தது. அறுத்தார்கள். மிஞ்சிய பாதியைப் பார்த்தால் அதுவும் கடைசி பெஞ்சு. மறுபடி அறுத்தார்கள். அறுக்க அறுக்கக் கடைசியில் கையில் நின்றது ஒரு பிரம்பு.

"பள்ளிக்கூடத்தைச் சீவிச் சீவிப் பார்த்தா உள்ள இதுதாம்வே இருக்கு" என்றார் அம்பலவாணன், பெரிய உண்மையைக் கண்டவர்போல. அதுவும் கடைசி பெஞ்சுதான் என்பதால் ஜன்னல் வழியே எறிந்தார்.

பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையை வெளியே அனுப்பினார்கள். இன்னொரு வரிசை கடைசியாயிற்று. பெஞ்சுக்கு ஆன நியாயம்தான் பிள்ளைகளுக்கும். வீராயி கடைசியாகப் போனாள். போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மனிதர் முப்பது வருஷமாகப் பள்ளிகளைச் சோதிப்பவர். பிள்ளையையும் வாத்தியாரையும் பிரித்தறிய அவருக்கு ஒரே வழிதான் தெரியும். கையில் பிரம்பு இருந்தால் வாத்தியார். கைகட்டி நின்றால் மாணவர்.

மாமரத்தடியில் பெஞ்சுகளில் வரிசையாக ஒரு கூட்டம். வாய் நிறைய மாம்பழம், ஆகவே சத்தமில்லை. முன்னே வீராயி, கையில் பிரம்பு. "ஆசிரியர் கூட்டமா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்று அதிகாரி வணங்கிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே மூன்று பேர் வேர்த்து விறுவிறுத்துக் கைகட்டி நின்றார்கள். அதிகாரி ஏதோ இங்கிலீஷில் கேட்டார்.

"யெஸ் சார்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

"ஆகா! என்ன பணிவு! என்ன உச்சரிப்பு!"

பின்னாலேயே ஓடிவந்த மதாம், "ஐயா, இவங்க மாணவர்கள் இல்..." என்று ஆரம்பித்தாள். தேவசிகாமணி உடனே வாசலைக் கைகாட்டினார். வாத்தியாரைத் தவிர வாயைத் திறந்தவர் வெளியே. ஆள் யாரென்று பார்க்கக் கூடாது. கோமதிநாயகம் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். மதாம் போன வேகத்தில் காற்று வந்தது.

அதிகாரி மெய்சிலிர்த்துப் போனார். "தாடி நரைத்தும் முதல் வகுப்பை விடாத மாணவர்களை இன்றுதான் பார்க்கிறேன்! மூவரையும் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டேன். மரத்தடியில் இருந்த அந்த அம்மையாரே இவர்களுக்குத் தொடர்ந்து பாடம் நடத்தட்டும்."

அம்பலவாணனுக்கு உயிர் வந்தது. ஊருக்கு ஏற்றவில்லை! எருமைகள் கண்ணை விட்டு மறைந்தன.

திங்கட்கிழமை வீராயி செலின் பிரம்போடு வகுப்புக்கு வந்தாள். மரத்தடிப் பெஞ்சுகளை உள்ளே போடவைத்து, பெரிய பையன்கள் ஆயிற்றே என்று மூவரையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் சொல்லாமல் யாரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அப்புறம், மதாம் போட்ட சட்டம் மாறவில்லை. கடைசி பெஞ்சு வெளியே போயாக வேண்டும்."

சொல்லிவிட்டு மாம்பழம் தின்னப் போய்விட்டாள்.

மாமனார் இன்னும் தானேதான் சாணி அள்ளுகிறார். வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. அவர்கள் மூவரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார்கள்.

"அண்ணாச்சி, ஒருவேளை நாம கனமோ?" என்றாராம் தேவசிகாமணி போன வாரம்.

"பேசாம தூக்கும்வே" என்றாராம் அம்பலவாணன். "இப்பத்தான் லேசா அசையுது."