கூப்பிடாத வீடு

மத்தியானத்துக்கு மேல்தான் ராக்கம்மாள் கண்மாய்க்கரை மடத்துக்கு வருவது வழக்கம். அன்று காலையிலேயே வந்துவிட்டாள். கும்பிடக்கூட இல்லை. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள்.

மடத்துத் திருமேனி சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். ஐந்து வருஷமாக அவரைத்தான் அவள் குரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, வீட்டுல இருக்க முடியலையா?”

“பக்கத்து வீட்டு மாடு கத்துது சாமி. விடிஞ்சதுலேர்ந்து கத்துது. கன்னு போட முடியாம வயித்துல சிக்கிக்கிச்சு போல.”

“சின்னாண்டி மாடா?”

அந்தப் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

சிக்கிய கன்றை எடுத்துவிடத் தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனின் பாடை போனபோது, சின்னாண்டி தன் வயல் வரப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றான். பயிர் மிதிபடும் என்றான். முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

“கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். கூப்பிடாத வீட்டுக்கு நானா எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்க சாமி.”

சாமி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எங்க சாமி கிளம்பிட்டீங்க?”

“மாட்டைப் பார்க்க.”

“உங்களுக்கு அந்த வேலை தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதவங்க கை வச்சா கன்னு செத்துடும்!”

“தெரிஞ்சவங்க போகலையே” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவளும் பின்னாலேயே ஓடினாள். சின்னாண்டி வீட்டுத் தொழுவத்துப் படலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

பசு கால்களை நீட்டிக் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. சின்னாண்டி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

“டாக்டர் வர சாயங்காலம் ஆகுமாம் சாமி” என்றான். படலுக்கு வெளியே நின்றவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

கன்றின் மூக்கும் ஒரு காலும் மட்டும் தெரிந்தன. சாமி அந்தக் காலைப் பிடித்து இழுத்தார். பசு அலறியது.

“இழுக்காதீங்க!” வெளியிலிருந்து ராக்கம்மாள் கத்தினாள். “இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்கு. முதல்ல தலையை உள்ள தள்ளணும்!”

“எப்படி?”

“உள்ளங்கையால. அப்படி இல்ல… ஐயோ, அப்படி இல்ல சாமி!”

பசுவின் கண் மேலே செருகியது.

படலைத் தள்ளியது எப்போது என்று அவளுக்கே தெரியாது. சாணியிலும் ரத்தத்திலும் மண்டியிட்டிருந்தாள். “தள்ளுங்க” என்று குருவை முழங்கையால் ஒதுக்கினாள். “எண்ணெய்!” என்றாள், யாரையும் பார்க்காமல். சின்னாண்டி ஓடிவந்து அவள் கையில் விளக்கெண்ணெயை ஊற்றினான்.

தலையைத் தள்ளிப் பிடித்தாள். மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் பொத்தி, மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். பசு முக்கும்போது இழுத்தாள், ஓயும்போது நிறுத்தினாள்.

கன்று வெளியே வந்து விழுந்தது. அசையவில்லை. மூக்கைத் துடைத்து, உள்ளே வைக்கோலை விட்டுத் துழாவினாள். கன்று தும்மியது.

சின்னாண்டி குடத்தைச் சாய்த்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினான். அவள் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

சாமியோடு கண்மாய்க்கரை ஏறும்போது அவளுக்குக் கோபம் வந்தது.

“என்னை உள்ள வரவைக்கத்தானே சாமி, தெரியாத மாதிரி இழுத்தீங்க?”

சாமி நின்றார்.

“இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்க வராம இருந்திருந்தா, நான் ரெண்டு உயிரையும் கொன்னிருப்பேன்.”