தடிக்கு அந்தப் பக்கம் மலைத்தேன்

அடிவாரத்து ஒரு காட்டுல, பசங்களா, யாரோட எல்லைக்குப் போனாலும் வழியில குறுக்கே ஒரு தடி கட்டியிருக்கும். கொண்டு போற சரக்குல பாதியை வெச்சாத்தான் தடி ஏறும்.

அங்க இருந்த கரடிக்கு மலைத்தேன்னா உசுரு. மலையிலேர்ந்து தேவாங்கு கொண்டு வரும். கரடி இலுப்பைப்பூவைக் குடுத்து வாங்கி நக்கிட்டு, ரெண்டு நாளைக்குக் கையையே கழுவாது.

ஒருநாள் நரி வந்துச்சு. "மாமா, நீ, நான், முள்ளம்பன்றி. நம்ம மூணு பேருக்குள்ள தடியே வேணாம். வெளியாளுக்கு மட்டும் இருக்கட்டும். அதை யாரும் தனியாத் தூக்கக் கூடாது."

"அப்ப தேவாங்கு?"

"இது முதல் படி மாமா. அப்புறம் ஒவ்வொருத்தரா சேத்துக்கலாம்."

கரடி தலையாட்டிடுச்சு. முள்ளம்பன்றியோட கிழங்கு சல்லிசா வந்துச்சு, வயிறு ரொம்புச்சு. நரியும் தேன் கொண்டு வந்துச்சு. தேனா அது? பாதி ஓடைத் தண்ணி. ஆனா தடியில எதுவும் வைக்க வேணாமே, விலை கம்மி. தேவாங்கு தடியில விட்டதையும் விலையில சேத்துக் கேட்டுச்சு. கரடி யோசிச்சுப் பாத்து நரிகிட்டயே வாங்கிச்சு. தேவாங்கு வர்றதை நிறுத்திடுச்சு.

அதுக்கப்புறம்தான் கரடிக்கு ஏக்கம் புடிச்சுது. தூக்கத்துல கையை நக்கும். வாய்ல முடிதான் வரும்.

"தேவாங்கையும் சேத்துக்கலாம்பா."

"சேத்தா என் தேனை யாரு வாங்குவா? நீயே வாங்க மாட்டே" அப்படின்னுச்சு நரி. முள்ளம்பன்றியும் வேணாம்னு முள்ளைச் சிலுப்பிச்சு.

பொறுக்க முடியாம கரடி ஒரு மூட்டை இலுப்பைப்பூவைத் தூக்கிக்கிட்டு மலையேறிச்சு. பாதி வழியில ஒரு புதுத் தடி. அந்தப் பக்கம் தேவாங்கு.

"என்னடா இது?"

"நானும் மந்தியும் மலையணிலும் சேந்துட்டோம் மாமா. இப்ப பூ மந்திகிட்டதான் வாங்குறேன். வாடினது, ஆனா சல்லிசு."

"என் பூ வேணாமா?"

தேவாங்கு அந்தப் பெரிய கண்ணால மூட்டையையே பாத்துச்சு. "நெனப்பெல்லாம் அதுலதான் மாமா."

"தடியைத் தூக்கேன்."

"தனியாத் தூக்கக் கூடாதுன்னு பேச்சு. இங்க பாதிப் பூவை வெக்கணும். திரும்பிப் போறப்ப உங்க மூணு பேர் தடியில பாதித் தேனை வெக்கணும்."

கரடிக்கு முதுகுல இருந்த மூட்டை திடீர்னு இளைச்ச மாதிரி இருந்துச்சு.

ரெண்டும் தடிக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துச்சுங்க. மேலேர்ந்து தேன் வாசனை எறங்கிச்சு, கீழேர்ந்து பூ வாசனை ஏறிச்சு. காத்துகிட்ட மட்டும் யாரும் எதையும் வெச்சிட்டுப் போன்னு கேக்கல. கரடி மூக்கைத் தடி மேல வெச்சு, கண்ணை மூடிக்கிச்சு.

நீதி: நமக்குள்ள மட்டும் வழியைத் திறந்துகிட்டு மத்தவங்களுக்கு அடைச்சா, ஒருநாள் நாமளும் யாருக்கோ வெளியாளா நிப்போம்.