கரடி முதுகு சொறிந்த காடு

ஒரு மலைக்காட்டில் கரடிதான் தலைவர். அறிவைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. "நான் உட்கார்ந்தா இடம் நிறையுது, அதான் தலைவராக்கிட்டாங்க" என்று அதுவே சொல்லிச் சிரிக்கும்.

ஒருநாள் மரம் வெட்டுகிறவர்களை ஒரு நரி கூட்டிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் வெட்டத் தயங்கினார்கள். பெண் இருவாச்சிப் பறவை முட்டையிட மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை வெளியே வராது; ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அதனால் மண் பூசிய மரத்தில் கோடாரி வைத்தால் குடும்பம் விளங்காது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பயம்.

மண் இல்லாத மரங்களைத் தலைவரே கொடுத்துவிட்டால் அவர்கள் பயம் போய்விடும் என்று நரி கணக்குப் போட்டது. கரடியிடம் போய்க் கும்பிட்டது. "தலைவரே! அவங்கவங்க மரத்துக்கு மண் பூசிக்கிடுங்க. அதைத் தொட மாட்டோம். மிச்சம் எங்களுக்கு!"

"அடடே, என்னையும் மதிச்சுக் கேக்குறாரே!" கரடி குளிர்ந்துபோனது. தேன்கூடு இருந்த மரத்துக்கு மட்டும் மண்ணைப் பூசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. மலையணில் தன் கூடு இருந்த மரத்துக்குப் பூசியது.

ஆண் இருவாச்சி அலறிக்கொண்டு வந்தது. "கரடி மாமா! என்ன காரியம் பண்ணினீங்க? என் பெஞ்சாதி பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கா!"

"உன் மரத்துலதான் ஏற்கெனவே மண்ணு இருக்கே மாப்பிள்ளை! வெட்ட மாட்டாங்க."

"சுத்தியிருக்கிற அத்திமரம் எல்லாம் போயிட்டா அவளுக்கு எதை ஊட்டுறது? உங்க தலைவர் பதவியையா?"

மலையணில் சிரித்துவிட்டது.

"உனக்கென்ன சிரிப்பு?" என்றது இருவாச்சி. "மரம் விட்டு மரம் தாவுற ஆளு நீ. ஒத்தை மரத்துல இருந்து எங்கே தாவுவே?"

அணிலின் வால் தொங்கிப்போனது.

கரடி தலையில் அடித்துக்கொண்டது. "தேனீ தேன் குடிக்கிற பூவெல்லாம் மத்த மரத்துலதானே இருக்கு! இம்புட்டுப் பெரிய தலைக்குள்ள வெறும் முடிதான்போல! சரி, அறிவுக்கு ஆகாத உடம்பு இதுக்காவது ஆகட்டும்."

நேரே ஓடையில் இறங்கிப் புரண்டது. சேறும் சகதியுமாக வந்து ஒவ்வொரு மரத்திலும் முதுகைத் தேய்த்தது. அணில் எட்டாத இடத்துக்கெல்லாம் வாலால் பூசியது. குரங்குகளும் மான்களும் சேர்ந்துகொண்டன. ஒரு மரம் பாக்கியில்லை.

மறுநாள் வெட்டுகிறவர்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

"தலைவரே, இது அநியாயம்!" என்று நரி குதித்தது. "உங்க மரத்துக்கு மட்டும்தானே பூசச் சொன்னேன்?"

"எங்க பாட்டன் முப்பாட்டன் முதுகு சொறியாத மரம் ஒண்ணு இருந்தா காட்டுங்க, வெட்டிக்கிடுங்க" என்றது கரடி. "பயப்படாதீங்க, உங்க வாலுலயும் மண்ணு ஒட்டியிருக்கு. உங்களையும் யாரும் வெட்ட மாட்டாங்க!"

எல்லோருக்கும் சேர்ந்த காட்டில் எனக்கு ஒரு மரம் போதும் என்று ஒதுங்கிக்கொள்கிறவருக்கு அந்த ஒரு மரமும் மிஞ்சாது.