பொழியில் போட்ட கூடாரம்

அந்த வருஷத்து மார்கழிக் குளிர் இருக்கிறதே, கடற்கரை நண்டெல்லாம் ஒரே வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்த குளிர். அலைகூடக் கரைக்கு வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பிப் போயிற்று.

அந்தக் குளிரில் இரண்டு பேர் கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்துபோனார்கள். முன்னால் போனவள் குரு. பெயர் உலகம்மை. நாற்பது வயது இருக்கும். பின்னால் மூச்சு வாங்க வந்தவர் சீடர். அவருக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்று ஓய்வு பெற்றவர். பெயர் சுடலைமுத்து. சுடுகாட்டைக் காக்கிற சாமியின் பெயர். பெயரை வாங்கியபோது தைரியத்தைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே பயம் அவர் வீட்டில் வந்து குடியேறியது. மின்விசிறி சத்தம் போட்டால் பயம். சத்தம் நின்றால் அதைவிடப் பயம். மூன்று தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால், வெளியே போக அவசரம் என்றால் மூன்றையும் திறக்க வேண்டுமே என்று பயம். மருந்து மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் உலகம்மைக்குப் பின்னால் கிளம்பிவிட்டார்.

"இந்தப் பயம் என்னை விட்டு ஒழியணும் அம்மா" என்றார் முதல் நாள்.

"நடங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மை. அவ்வளவுதான் உபதேசம்.

அவள் சத்திரத்தில் தங்கமாட்டாள். மணலுக்கு வாடகை கிடையாது என்பாள். சும்மா படுக்க இடம் கொடுக்கிற மணல் பதிலுக்கு ஒன்று கேட்கும் என்றும் சொல்வாள். என்ன கேட்கும் என்று சொல்லமாட்டாள். சுடலைமுத்துவுக்கு அதை நினைத்தே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவளிடம் சில பழக்கங்கள் உண்டு. காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கிற கோட்டைத் தாண்டாமல் மூட்டையை இறக்கமாட்டாள். செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கமாட்டாள். கரை முழுக்க இராவணன் மீசை கிடக்கும். முள்ளே உருண்டையாகச் சுருண்டு காற்றில் ஓடுகிற புல் அது. காலில் ஏறினால் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும்.

"சிவபெருமானே வந்து எதிரே நின்னாலும், செருப்பைத் தட்டித் தேள் இல்லைன்னு பாத்து மாட்டிக்கிட்டுத்தான் எழுந்து கும்பிடுவேன்" என்பாள்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் ஒரு பொழிக்கு வந்து சேர்ந்தார்கள். மலையிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் தேங்குகிற காயல் கடலில் போய் விழுகிற வாயைத்தான் அந்தப் பக்கம் பொழி என்பார்கள். மழை இல்லாத காலத்தில் அலை மணலைத் தள்ளித் தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப் போயிருந்தன. வாய் அடைத்தே கிடந்தது. ஒரு பக்கம் கடல் இரைந்தது. மறுபக்கம் காயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. நடுவில் மணலில் ஒரு நீளமான பள்ளம். பள்ளத்துக்கு வடக்கே பனைகள் நின்ற ஒரு மேடு.

ஆள் அரவம் இல்லை. ஊர் என்று சொல்ல, தொலைவில் ஒரு கோயில் விளக்கு மட்டும் தெரிந்தது.

சுடலைமுத்து பள்ளத்தில் இறங்கி மகன் வாங்கிக் கொடுத்த நீலக் கூடாரத்தைப் பிரித்தார்.

"அண்ணாச்சி, மேட்டுக்கு வந்திருங்க."

"இங்கன காத்தே இல்லை அம்மா. கதகதன்னு இருக்கு."

"காத்து இல்லாத இடமா இருந்தா வேற யாராவது முன்னாடியே பிடிச்சு வச்சிருப்பாக."

அவர் கை கூடாரத்துணியோடு நின்றது. "யாரு?"

"வரும்போது தெரியும்."

அவர் துணியை வாரிச் சுருட்டப் போனார். அப்புறம்தான் உறைத்தது. இது சோதனை. குரு என்றால் ஒருநாள் சோதித்துப் பார்க்காமல் விடுவாரா? மேட்டுக்கு வா என்பது பயந்தவனுக்குச் சொல்கிற சொல். பயத்தை விட்டவன் பள்ளத்திலேயே படுப்பான்.

"நான் இங்கனயே படுத்துக்கிடுதேன் அம்மா" என்றார், குரல் நடுங்காதபடி.

உலகம்மை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மேற்கே பார்த்தாள். மலைப் பக்கம் வானம் கருத்து, அடிக்கடி வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

"அங்க நல்ல மழை" என்றாள்.

"எங்கேயோ பெய்யுது. நமக்கு என்ன?"

"நடந்து வரும் அண்ணாச்சி. நம்மள மாதிரிதான்."

காயலில் தண்ணீர் முடிகிற ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டினாள். சுடலைமுத்து கைகட்டி நின்று பார்த்தார். மந்திரம் எதுவும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"காவலா அம்மா?"

"ஆமா. நம்ம ரெண்டு பேரையும்விட நல்லா முழிச்சிருக்கும்."

அவலை நனைத்துச் சாப்பிட்டார்கள். இருட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பேச்சை நிறுத்தினால் தனியாகப் போய்ப் படுக்க வேண்டுமே என்று சுடலைமுத்து கேட்டார்:

"பயமே இல்லாத மனுசர் யாரையாவது பாத்திருக்கீயளா அம்மா?"

"ஒருத்தரைப் பாத்திருக்கேன். பாம்பு வந்தா 'தள்ளிப் படு'ன்னு அதுகிட்டச் சொல்லுவாரு. இடி விழுந்து பனைமரம் எரிஞ்சா அதுல சுருட்டுப் பத்த வைப்பாரு. ஒரு புயல் அன்னிக்குக் கரையே காலியாயிருச்சு. இவரு மட்டும் குளிக்க இறங்கினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குளிச்சாரு."

சுடலைமுத்து கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "பெரிய ஆத்மா" என்றார்.

"உடம்பும் பெரிசுதான். தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உலகம்மை மேட்டுக்கு ஏறிப்போனாள்.

சுடலைமுத்து கூடாரத்துக்குள் டார்ச்சை ஏற்றிவைத்துக்கொண்டு படுத்தார். படுத்து மூச்சு விடுவதற்குள் கூடாரத்தை யாரோ நகத்தால் பிறாண்டினார்கள். தலைமாட்டில் பிறாண்டியது கால்மாட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து திரும்ப வந்தது.

"அம்மா."

"என்ன?" என்று மேட்டிலிருந்து குரல்.

"யாரோ பிறாண்டுதாக."

உலகம்மை எழுந்தாள். ஒரு செருப்பைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். நிதானமாக மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கினாள். ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கி அவரை முறைத்தது.

"அது வீட்டு வாசல்ல நீங்க படுத்திருக்கீய. வழி கேக்குது."

அவள் போனதும் ஒரு குழந்தை அழுதது. ஆளில்லாத கரையில் கைக்குழந்தை. சுடலைமுத்து போர்வையை வாயில் திணித்துக்கொண்டு கேட்டார். அழுகை நெருங்கி வந்தது. தாங்க முடியாமல் தலையை வெளியே நீட்டி டார்ச் அடித்தார். நரி ஒன்று நின்று பார்த்துவிட்டு, வெட்கப்பட்டதுபோல நடந்துபோயிற்று.

கடலில் ஒரு விளக்கு தானாக அலைந்தது. மீன்பிடிக்கப் போன வள்ளம்.

சுடலைமுத்துவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நண்டுக்குப் பயந்தவன், நரிக்குப் பயந்தவன். இனி எது வந்தாலும் விடிகிறவரை இந்த இடத்தைவிட்டு எழுவதில்லை என்று தன் பெயர்கொண்ட சாமியின் மேல் சத்தியம் செய்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பயம் வந்தது. "நீ நண்டு" என்றார். போய்விட்டது. மறுபடி வந்தது. "நீ நரி" என்றார். அதுவும் போயிற்று. ஆகா, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் மூன்று தாழ்ப்பாள் போட்டோம் என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. உட்கார்ந்தபடியே கண் சொக்கியது.

தொலைவுக் கோயிலில் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் தொடங்கியபோது விழித்தார். வெளியே இன்னும் கருக்கல். உட்கார்ந்திருந்த இடம் சில்லென்று இருந்தது. மணலைத் தொட்டார். ஈரம்.

பனி என்று நினைத்தார்.

பாட்டுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. கடல் சத்தம் இல்லை. கடல் வந்து வந்து போகும். இது போகாமல் ஒரே சீராக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், காயல் பக்கத்திலிருந்து வந்தது.

துணியை விலக்கி டார்ச் அடித்தார். குச்சி இருந்த இடத்தில் குச்சி இல்லை. அதற்கு இந்தப் பக்கம், அவர் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கறுப்பாக ஏதோ பளபளத்தது.

உடம்பில் இருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. காலும் தானாக எழப் பார்த்தது.

சுடலைமுத்து அதை அடக்கினார். துணியை இழுத்து மூடினார். இதுதான் கடைசிப் பரீட்சை. இதில் எழுந்தால் செய்த சத்தியமெல்லாம் வீண். கண்ணை மூடிக்கொண்டு, "நீ நண்டு, நீ நரி" என்றார். அது போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். கெண்டைக்கால் நனைந்தது. "நீ ஒன்றுமில்லை" என்றார்.

கூடாரத்தின் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. துணியைக் கிழித்த மாதிரி பிரித்துக்கொண்டு ஓர் உருவம் உள்ளே விழுந்தது. முடி அவிழ்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது உலகம்மை.

"எந்திரிங்க."

"மாட்டேன் அம்மா. எனக்குப் பயம் இல்லை."

"எனக்கு இருக்குல. எந்திரில."

அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் இப்போது 'ல' போட்டது. டார்ச் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அத்தனை நாள் கூட நடந்ததில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. சத்தியம் எங்கே போயிற்றோ, அவருக்கே தெரியாது. எழுந்துவிட்டார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் தண்ணீர். மணல் காலடியில் ஓடியது, நின்ற இடம் நிற்கவில்லை. ஒருதடவை இடுப்புவரை போனார். அவள் விடவில்லை. மேட்டில் கையை ஊன்றிய நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று தொண்டையைக் கனைத்த மாதிரி.

பொழி உடைந்தது.

மலையில் பெய்தது நடந்து வந்து சேர்ந்துவிட்டது. காயல் முழுவதும் அந்தப் பள்ளத்தில் நுழைந்து கடலுக்கு ஓடியது. கரை பாளம் பாளமாகச் சரிந்தது. நீலக் கூடாரம் எழுந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரோடு போயிற்று. உள்ளே டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அலைகளைத் தாண்டுகிறவரை ஒரு வீடு விளக்கேற்றிக்கொண்டு கடலுக்குள் போவதுபோலத் தெரிந்தது. அப்புறம் அணைந்தது.

சுடலைமுத்து ஒரு பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். உடம்பு நடுங்கியது. அதை அவர் நிறுத்தப் பார்க்கவில்லை.

கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

"அம்மா."

"ம்."

"சாயங்காலமே தெளிவாச் சொல்லியிருக்கலாமே."

"மேட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல தெளிவா எனக்குத் தமிழ் வராது."

அவர் பனையை விட்டு அவள் பக்கம் வந்தார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்றும் இருந்தது.

"பயந்த மாதிரி ஓடி வந்தீயளே. நான் எழுந்திருக்கணும்னுதானே? உங்களுக்கு அதெல்லாம் கிடையாது. நாடகம்தானே அம்மா?"

உலகம்மை மணலில் உட்கார்ந்து இரண்டு காலையும் அவர் பக்கம் நீட்டினாள். உள்ளங்கால் இரண்டிலும் இராவணன் மீசை முள் ஏறி, குத்தின இடமெல்லாம் ரத்தம் கசிந்து மணல் ஒட்டியிருந்தது. மேட்டு உச்சியில், அவள் தலைமாட்டில், செருப்பு இரண்டும் சேர்த்துவைத்தபடி அப்படியே கிடந்தன.

"நாடகமா இருந்தா அதைத் தட்டி மாட்டிக்கிட்டு வந்திருப்பேன்" என்றாள். "இந்த முள்ளை எடுங்க, அண்ணாச்சி."