வெற்றிலை மெல்லும் வரை

தளவாய் திருமேனியின் வில்லைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அவர் எய்த அம்புகளைப் பொறுக்கிக் கொடுப்பவள் ஒச்சாயி. ஒருநாள் பாளையக்காரர் பார்த்திருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்:

"சாமி, குறி பாக்குறதுக்கு முந்தியே அம்பு கிளம்பிருது."

தளவாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஜெயித்துக் காட்டு. இல்லையென்றால் பொழுது சாயுமுன் ஊரைவிட்டு ஓடு!"

"சரி சாமி. ஆளுக்குப் பிடிச்ச வில்லை எடுத்து நாணை இழுத்துப் பிடிப்போம். மகாராசா வெத்திலை மென்னு துப்பினதும் விடணும்."

பாளையக்காரர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை வாயில் போட்டார். தளவாய் தன் பெரிய வில்லை இழுத்தார். ஒச்சாயி காடை அடிக்கிற மூங்கில் வில்லை இழுத்தாள்.

பாளையக்காரர் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். தளவாயின் தோள் நடுங்கியது. சட்டென்று கிளம்பிய அம்பு லாயத்துக் கூரையில் போய்க் குத்தியது.

பாளையக்காரர் துப்பினார். ஒச்சாயியின் அம்பு நடுக்குறியில் நின்றது.

"சின்ன வில்லை வைத்து ஏமாற்றுகிறாள்!"

"நான் வில்லை இழுத்தேன் சாமி. உங்களைத்தான் வில்லு இழுத்திருச்சு!"

பாளையக்காரர் வாயைத் துடைத்தார். "தளவாயே, நாளையிலிருந்து அந்தச் சின்ன வில்லில் பழகும். ஒச்சாயி சொல்லித் தருவாள். அம்பை நீரே பொறுக்கிக்கொள்ளும்."