பாவந்தீர்த்தான் துறைக்குக் கீழே

காவித்துணி வைத்த தாம்பாளத்தை இரு கைகளிலும் ஏந்தியபடி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அரியநாயகம் தாமிரபரணியின் முதல் படியில் நின்றார். அன்று அவருக்குத் தீட்சை. மனைவி போனபின் பூட்டியே கிடந்த வீட்டின் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாயிற்று. இனித் தன்னை உறவென்று யாரும் தேடி வர வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. முழுகி எழுவதுதான் மிச்சம்.

தீட்சை தர வேண்டிய உலகம்மை அவரைவிட வயதில் நன்றாக இளையவர். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை உதறிவிட்டு வந்து இந்தக் கரையில் குடில் போட்டார். ஊர் அவரை அம்மை என்றது. அவர் ஊரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசிய போதெல்லாம் ஊர் கொஞ்ச நாள் அவர் பக்கம் வருவதில்லை.

"இறங்கட்டுமா அம்மை?"

"எதுக்கு அண்ணாச்சி?"

குரு தன்னை அண்ணாச்சி என்று அழைப்பது அரியநாயகத்துக்கு இன்னும் பழகவில்லை.

"முழுகி எழுந்து, உடுத்திய வேட்டியை ஆற்றோடு விட்டுவிட்டு, காவி தரிக்க வேண்டும். அதுதானே முறை?" வீட்டிலும் மேடையிலும் அவர் ஒரே தமிழ்தான் பேசுவார்.

"விட்டுட்டு?"

"திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும்."

பாவந்தீர்த்தான் துறை என்று அந்தத் துறைக்குப் பெயர். அங்கே உடுத்த துணியை விட்டால் செய்த பாவமும் அதோடு போகும் என்பது நம்பிக்கை. அதனால் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். இப்போதும் ஒரு குடும்பம் இடுப்பளவு நீரில் நின்று சட்டையும் சேலையுமாக அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தது. கரையில் நின்ற பரிகாரக்காரர் கத்தினார்:

"பாக்காதீங்க, பாக்காதீங்க! திரும்பிப் பாத்தா பாவம் மறுபடி வந்து ஒட்டிக்கிடும்! ஏறுங்க, அடுத்த பார்ட்டி நிக்கி!"

அவர்கள் பார்க்கவில்லை. ஒரு நீலச் சேலை நீரில் விரிந்து, மெல்லத் திரும்பி, தன் போக்கில் கிழக்கே போயிற்று.

உலகம்மை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த ஆத்தைப் பத்தி நீங்க ஊரூரா போய்ப் பேசுவீங்களாமே அண்ணாச்சி. எனக்குங் கொஞ்சம் பேசுங்க."

அரியநாயகத்துக்கு இப்படி ஒருவர் கேட்டால் போதும். தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டுக் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"இவள் தாயல்லவா அம்மை! பொதிகையில் பிறந்து, வேற்று மண் மிதிக்காமல் தமிழ் மண்ணிலேயே கடல் சேருகிறவள். இரு பருவத்து மழையையும் மடியில் வாங்கி, கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் தந்தவள். கொற்கைத் துறையில் முத்துக் குவித்தவள். இறந்தவர்களைத் தாழியில் வைத்துத் தன் கரையில் உறங்க இடம் கொடுத்தவள். பொருநை என்று சொன்னாலே—"

அந்தச் சொல்லில் அவர் குரல் இடறியது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"மேடை முடிஞ்சிதா?"

"முடிந்தது."

"நீங்க சொன்னது அத்தனையும் நெசம். அதான் எனக்கு வயிறு எரியுது. பொய்யின்னா சிரிச்சுட்டுப் போயிருவேன். தாயின்னு கும்பிட்ட கையாலேயே அழுக்குத் துணியை அவ தலையில போடுதீங்களே, அது எந்த ஊருப் பாசம்? ஒரு பொம்பளையைத் தாயின்னு கூப்பிட்டுட்டா அப்புறம் அவளுக்குத் துவைக்கிற வேலைதானா?"

பரிகாரக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, பேசுவது யார் என்று தெரிந்ததும் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரியநாயகம் தணிந்த குரலில் கேட்டார். "அப்படியென்றால், பாவம் போகிறது என்பது பொய்யா அம்மை?"

"போகுதே. நல்லாத்தான் போகுது."

"எங்கே போகிறது?"

உலகம்மை குடிலின் கூரையில் செருகியிருந்த தொரட்டிக் கம்பை உருவினார். "வாங்க, காட்டுதேன். அந்தத் தாம்பாளத்தையும் எடுத்துக்கிடுங்க."

கரையோரமாகக் கிழக்கே நடந்தார்கள். மருத மரங்கள் வேரை நீருக்குள் இறக்கி நின்றன. அடிமரங்கள் வெளுத்துப் பருத்து, கழுவிவிட்ட யானைகள்போல் இருந்தன. மீன்கொத்தி ஒன்று கிளையிலிருந்து விழுவதுபோல் விழுந்து, வெள்ளித் துண்டொன்றைக் கவ்விக்கொண்டு எழுந்தது. மேட்டுக்கு அப்பால் வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் யாரையோ கேலி பேசிச் சிரிக்கும் சத்தம் வந்தது. தான் மேடையில் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அரியநாயகத்துக்கு நிறைவாக இருந்தது.

ஆறு வளைகிற இடத்தில் அந்த நிறைவு நின்றுபோயிற்று.

அங்கே மருத மரங்களுக்கு வேர் தெரியவில்லை. வேரெல்லாம் துணி. சேலை, சட்டை, பாவாடை, பச்சைக் குழந்தையின் ஜட்டி, மாப்பிள்ளைக் கரை போட்ட பட்டு வேட்டி. பழையது மக்காமல் கீழே கிடக்க, புதியது அதன்மேல் வந்து ஏறி, சேறு பூசி, கயிறாக முறுக்கிக் கிடந்தது. நீர் அதைச் சுற்றிக்கொண்டு வழி தேடியது. மேலே தாயென்று கும்பிட்டவர்கள் ஒருவரும் இந்த இடத்தைக் கண்டதில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதியின் சௌகரியம் அது.

"மேல விட்டதெல்லாம் இங்கதான் வந்து மாட்டும்" என்றார் உலகம்மை. "தெனமும் இழுக்கேன். தெனமும் வருது."

ஆற்றின் நடுவே ஓர் உறைகிணறு நின்றது. கீழூர்களுக்கு அதிலிருந்துதான் குழாய் போகிறது. சுவரில் பெயர் எழுதியிருந்தார்கள். வெள்ளத்தில் வந்து சிக்கிய சேலை ஒன்று முதல் சொல்லை மறைத்துத் தொங்க, மிச்சம் மட்டும் தெரிந்தது: '...கூட்டுக் குடினீர்த் திட்டம்'.

அரியநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "குடிநீருக்கு றன்னகரம் போட்டிருக்கிறான் பாருங்கள் அம்மை! இவனுக்கெல்லாம் யார் பாடம் நடத்தியது?"

"எழுத்துப் பிழை ஒண்ணுதான் உங்க கண்ணுல படுதா அண்ணாச்சி?"

அவர் தாம்பாளத்தைக் கரையில் இறக்கி வைத்தார்.

"கீழ எறங்குங்க. அந்த வேருல கிடக்கதை இழுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கையில் பட்ட துணி வராமல் முரண்டு பிடித்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தார். கனமாக வந்தது. கரையில் போட்டுப் பிரித்தபோது உள்ளே ஒரு நீர்நாய்க் குட்டி. கழுத்திலும் முன்காலிலும் துணி இரண்டு சுற்று இறுகியிருந்தது. விடுபடுவதற்காக அது கடித்த இடங்களில் நூல் பிரிந்து நின்றது. கண் திறந்திருந்தது.

எதிர்க்கரைப் புதரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்தது.

"தாய்" என்றார் உலகம்மை. "நேத்துலேருந்து கூப்பிடுது."

அரியநாயகம் குனிந்தார். துணியைக் குட்டியின் உடம்பிலிருந்து சுற்றுச் சுற்றாக எடுத்தார். மருத மரத்தடியில் கையாலேயே மண்ணைப் பறித்து அதைப் புதைத்தார். நகத்தில் மண் ஏறியது. பிறகு அந்தத் துணியை நீரில் அலசினார். அது வேட்டி. சேறு போகப் போக மயில்கண் கரை தெரிந்தது. ஓரத்தில் சலவைக் கடைக்காரர் மையால் போட்ட குறி தெரிந்தது. ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு.

அவர் கை நின்றுவிட்டது.

உடுத்தியிருந்த வேட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் திருப்பிப் பார்த்தார். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு.

உலகம்மையும் அதைப் பார்த்தார்.

"எப்ப விட்டீங்க?"

"தை அமாவாசைக்கு."

"எந்தப் பாவத்துக்கு?"

எதிர்க்கரையில் சத்தம் மட்டும் வந்தது.

"அந்தத் தாய் என்ன பாவம் செஞ்சுதுன்னு நான் உங்ககிட்ட கேக்கல. உங்க பாவம் என்னன்னு கேக்கேன்."

"எனக்கு ஒரு மக இருக்கா அம்மை."

இவ்வளவு காலத்தில் அவர் வாயிலிருந்து முதல்முறையாகப் பேச்சுத்தமிழ் வந்தது. உலகம்மை கம்பைக் கீழே வைத்துவிட்டு வேரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"வேற சாதியில ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. நம்ம வீட்டுப் பாத்திரத்தை அவங்க தொடக்கூடாதும்பாங்க நம்ம ஆளுக, பையன் அப்படிப்பட்ட வீடு. சொந்தக்காரனெல்லாம் என் மூஞ்சியைப் பாத்தான். நான் சாதி பாக்காதவன்னு மேடையில பேசுதவன். வீட்டுல பாத்தேன்." அவர் அந்தச் சலவைக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளைத் தலைமுழுகிட்டேன்."

"வாயாலயா, தண்ணியிலயா?"

"தண்ணியில. அந்தத் துறையிலதான். செத்தவங்களுக்கு முழுகுத மாதிரி முழுகி எந்திரிச்சேன். அப்ப அவ கரையில நின்னா. அப்பா, அப்பான்னு கூப்பிட்டா. திரும்பிப் பாக்காமப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அவ அம்மா அதுலயே படுத்தா, எந்திரிக்கல. எனக்கு ராவெல்லாம் அந்தக் குரல்தான். தாங்க முடியல. அதான் தை அமாவாசைக்கு வந்து வேட்டியை விட்டேன்."

"குரல் போச்சா?"

"போகல."

"அதனால இப்ப காவி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மக பேரு என்ன?"

ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். "பொருநை."

உலகம்மை எழுந்துவிட்டார். கோபத்தில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆத்துப் பேரைப் பிள்ளைக்கு வச்சீங்க. பிள்ளையைக் கொண்டுவந்து ஆத்துல முழுகுனீங்க. முழுகுன பாவத்தை மறுபடியும் இந்த ஆத்துலயே விட்டீங்க. அதுவும் பத்தலைன்னு இப்ப உங்களையே கொண்டுவந்து விடப் போறீங்க. இந்த ஆறு உங்களுக்கு என்னதாம்வே செஞ்சுது? சோறு போட்டுது, அதுக்கா?"

அண்ணாச்சி 'வே' ஆகிவிட்டதை அரியநாயகம் கவனித்தார். அதுவே சரி என்று தோன்றியது.

"இப்ப எங்க இருக்கா?"

"ஆவரங்காட்டுல. பிள்ளை பொறந்திருக்குன்னு கேள்வி."

உலகம்மை கம்பை எடுத்துக்கொண்டு நீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. உறைகிணற்றை அடைந்து, தொரட்டியை எட்டிப்போட்டு, தொங்கிய சேலையை ஒரே இழுப்பாக இழுத்தார். மறைந்திருந்த முதல் சொல் வெயிலில் வந்தது.

ஆவரங்காடு.

இந்த முறை அரியநாயகத்துக்கு எழுத்துப் பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

"பாவம் எங்க போகுதுன்னு கேட்டீங்களே" என்று அங்கிருந்தே சொன்னார் உலகம்மை.

கரைக்கு வந்ததும் தாம்பாளத்திலிருந்த காவியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். சேறு முழுதும் போகாத மயில்கண் வேட்டியைப் பிழிந்து, மடித்து, தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"இதை உடுத்திக்கிட்டு ஆவரங்காட்டுக்குப் போங்க. மக வீட்டு வாசல்ல நின்னு, குடிக்கத் தண்ணி கேளுங்க."

"அந்த வீட்டுலயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தன் வாய்தான் என்று உணர்ந்து அரியநாயகம் கூசிப்போனார்.

"அந்த வீட்டுலதான். அந்த வீட்டுக் குடத்துலேருந்து, அந்த வீட்டுச் செம்புல."

எதிர்க்கரைச் சத்தம் ஓய்ந்திருந்தது. அவர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். கனத்தது.

"குடுக்காட்டி என்ன செய்ய அம்மை?"

"குடுத்தே தீரணும்னு அவ என்ன ஆறா? குடுக்காட்டி, தாகத்தோடயே திரும்பி வாங்க. தீட்சையை அப்புறம் பேசுவோம்."