நாவல் மரத்தைக் காலி பண்ணச் சொன்ன ராஜா

சங்கர பூபதின்னு ஒரு ராஜா. கோபம் வந்தா காரணம் கேக்க மாட்டார். காரணம் சொன்னாலும் கேக்க மாட்டார்.

ஒரு நாள் அரண்மனைத் தோட்டத்து நாவல் மரத்தடியில பக்கத்து நாட்டுத் தூதரோட பேசிக்கிட்டிருந்தார். வெள்ளைப் பட்டுத் தலைப்பாகை. மேல இருந்து ஒரு மைனா போட்ட எச்சம், ஊதா நிறத்துல, அதுமேல சொத்துன்னு விழுந்துச்சு. தூதர் மரியாதையா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு சிரிச்சார். ராஜா அதையும் பாத்துட்டார்.

"வெட்டுடா மரத்தை."

மரம் வெட்டுற காளத்தி ஆசாரி கோடாலியோட வந்தார். மரத்தைச் சுத்தி வந்தார். கோடாலியைக் கீழே வச்சுட்டார்.

"மகாராஜா, எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துல குடியிருக்கிறவங்ககிட்ட சொல்லணும். மூணு நாள் பொறுக்கணும். ஒருத்தர் பாக்கி இருந்தாலும் கோடாலி வைக்கக் கூடாது."

"நாலாம் நாள் மரம் விழலேன்னா நீ குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிடணும்."

ஆசாரி நேரா மந்திரி தாண்டவன் வீட்டுக்குப் போனார். "சாமி, வெட்டினா எங்க ஆளுங்க என்னைத் தள்ளி வச்சிருவாங்க. வெட்டலேன்னா ராஜா துரத்திருவார். வீட்டுல பொண்ணு நெறமாசம். எங்க போறது?"

"எங்கயும் போக வேணாம். போய்ச் சாப்பிடும்."

தாண்டவன் ராஜாகிட்ட போனான். "மகாராஜா, காலி பண்ற வேலையை என்கிட்ட விடுங்க. ஆணை மட்டும் வேணும். இந்த மரத்துப் பழத்தைத் தின்னு, இதோட நிழல்ல தூங்குற எந்த ஜீவனா இருந்தாலும் மூணு நாள்ல கோட்டையை விட்டுப் போயிடணும்."

"யாருக்கும் விலக்கு கிடையாதுன்னும் எழுது," ராஜா முத்திரை குத்தினார்.

மூணு நாளும் மரத்தடியில தண்டோரா. நாலாம் நாள் ராஜா கூப்பிட்டார்.

"எல்லாம் போயாச்சா?"

"மைனா கேட்டுக்குச்சு. அணில் யோசிக்குது. வவ்வால் தலைகீழாத் தொங்குது, என்ன பதில்னு புரியல. அதையெல்லாம் சமாளிச்சிரலாம். ஒண்ணே ஒண்ணுதான் தொந்தரவு."

"என்னது?"

"கொஞ்சம் பெரிய ஜீவன். மத்தியானம் வரும். ரெண்டு கை பழம் தின்னும். அப்படியே படுத்து சாயங்காலம் வரைக்கும் குறட்டை. எழுப்பினா உறுமுது."

"கரடி ஏதும் பூந்துருச்சா?"

"காவக்காரனுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு."

"புடிச்சு வெளிய தள்ள வேண்டியதுதானே?"

"ஆளை அடையாளம் பாத்துட்டுத் தள்ளலாம்னு இருக்கேன். பழம் தின்ன நாக்கு ஊதாவா இருக்கும்." தாண்டவன் ஒரு கண்ணாடியை நீட்டினான். "கொஞ்சம் நாக்கை நீட்டுங்க மகாராஜா."

ராஜா நீட்டினார். பாத்தார். மெதுவா உள்ள இழுத்துக்கிட்டார்.

"நான் மனுஷன்டா. அதுலயும் ராஜா."

"மரத்துக்கு அது தெரியலையே. மைனாவுக்குக் குடுத்த பழத்தைத்தான் உங்களுக்கும் குடுத்திருக்கு. மைனாவாவது கொட்டையைக் கொண்டுபோய் எங்கயாவது போட்டு ஒரு கன்னு முளைக்க வைக்குது. நீங்க தங்கக் கிண்ணத்துல துப்புறீங்க." தாண்டவன் ஓலையை எடுத்தான். "விலக்கு கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பல்லக்கு வாசல்ல நிக்குது. எந்த ஊருக்குப் போறீங்க?"

ராஜா வெளிய எட்டிப் பாத்தார். நிஜமாவே நின்னுச்சு.

கண்ணாடியில நாக்கை இன்னொரு தரம் பாத்தார். அப்புறம் தோள் குலுங்குச்சு, வயிறு குலுங்குச்சு, கடைசியில வாய்விட்டே சிரிச்சுட்டார். ஓலையைக் கிழிச்சார். ஆசாரி வீட்டுக்கு ஒரு பசுவும் கன்னும் அனுப்பச் சொன்னார்.

"உனக்கு என்னடா வேணும்?"

"அந்த மரத்துல தெக்குப் பக்கத்துக் கிளை ஒண்ணு போதும் மகாராஜா. பழம் நல்லா இருக்கு."

"அதை நான் எப்படிடா குடுப்பேன்? நானே அங்க குடியிருக்கிறவன். போய் மைனாவைக் கேளு."